விடுங்கண்ணே

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் சீனியம்மாளுக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே வந்துவிட்டது. இட்லியை அதன் மேல் போட்டு அமுக்கிப் பார்த்தாள், இறங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கரிசல் காட்டைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. இப்போது விமானப் பள்ளிக்கூடத்து ஷெட்டுக்குள், சின்ன விமானம் ஒன்றின் மூக்குக்கு முன்னால், காத்தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பயம் இன்னும் இறங்கவில்லை. வேலை முடிந்ததும் மேனேஜர் வரதன் சார் வந்து கேட்பார். போன வாரம் உன் தம்பிக்குக் கை முறிந்ததே, எப்படி ஆச்சு, நீ அங்கேதானே பெருக்கிக்கொண்டிருந்தாய், பார்த்ததைச் சொல்லு. பார்த்ததைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று படித்தவர்களுக்குத் தோன்றும். சீனியம்மாளுக்குத் தெரியும், பார்த்தது ஒன்றாகவும் வாயில் வருவது வேறொன்றாகவும் இருக்கும், கேட்கிறவர் காதில் விழுவது மூன்றாவதாக இருக்கும். அப்பா செத்த அன்றைக்கு அவளைத்தான் அத்தை வீட்டுக்கு ஓடவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு, அதோடு பள்ளிக்கூடமும் நின்றது, அடுத்த வாரமே தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு மூச்சிரைக்க ஓடிப்போய் வாசலில் நின்று, “அத்தை, அப்பா போயிட்டாரு” என்றாள். அத்தை தலை சீவிக்கொண்டே, “இந்த வெயில்ல எங்கடி போனாரு?” என்றாள். “தெரியலை அத்தை” என்றாள் இவள். உண்மையிலேயே தெரியாதுதானே. அத்தை சிக்கெடுத்து, பின்னி, ரிப்பன் கட்டி முடிக்கும்வரை இவள் வாசலிலேயே நின்றாள். ஒரு சொல்லுக்கு இரண்டு வாசல் இருந்தால் எந்த வாசல் வழியாகப் போவது என்று சொல்லுக்கே தெரியாது போலிருக்கிறது.

“அக்கா, மெதுவாச் சுத்துங்க. மெதுவா… இன்னும் கொஞ்சம்” என்றாள் என்ஜினியர் ஜெபக்கனி மேடம். மேடத்தின் கட்டைவிரல் என்ஜின் சிலிண்டரில் பிளக்கைக் கழற்றிய ஓட்டை மேல் இருந்தது. சீனியம்மாள் காத்தாடியை நகர்த்த நகர்த்த, உள்ளே பிஸ்டன் ஏறிவந்து அந்தக் கட்டைவிரலைக் காற்றால் தள்ளுமாம். தள்ளினால் அமுக்குகிற நேரம் என்று அர்த்தம், தள்ளாவிட்டால் இன்னொரு சுற்று. ப்ரொப்பெல்லர் என்று மேடம் சொன்னாலும் ஷெட்டில் எல்லாருக்கும் அது காத்தாடிதான். ஆள் உயரத்துக்கு மேலே நீளம், கூர்மை கத்தி அளவு இல்லாவிட்டாலும் வேகமாக வந்தால் கத்தி எதற்கு. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வெறுங்கையைப் பார்க்கவே அவளுக்கு என்னவோ போலிருந்தது, கெட்ட சகுனமாகத் தோன்றியது, பிறகு அப்படித் தோன்றியதற்காகவே இன்னும் பயந்தாள். தாலியை ரவிக்கைக்குள் போட்டு, மேலே நீலக் கோட்டை மாட்டிப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். பிடிக்க வேறு ஆளில்லை. இந்த வேலை தம்பி பொன்னுத்துரையுடையது, அவன் மாவுக்கட்டோடு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். “பிடிக்கிறீங்களா அக்கா? பயமா இருந்தா வேண்டாம், நான் வேற ஆள் பாத்துக்கிறேன்” என்று மேடம் காலையில் கேட்டபோது, “பயமா, எனக்கா?” என்று சிரித்துவிட்டாள். சிரித்த வாயை அப்புறம் குளியலறையில் போய்க் கழுவிக்கொண்டாள்.

“உச்சி” என்றாள் மேடம். பிஸ்டன் ஏறவேண்டிய மட்டும் ஏறி நிற்கிறது. இந்தச் சொல் சீனியம்மாளுக்குப் பிடிக்கும், வெயிலுக்கும் உச்சி, தலைக்கும் உச்சி, இந்த இரும்புக்கும் உச்சி. உச்சியில் சரியாக நின்றால் உள்ளே விடுகிற காற்று காத்தாடியை எந்தப் பக்கமும் தள்ளாது. ஒரு நூல் பிசகினாலும் பிஸ்டனைப் பிடித்துக் கீழே தள்ளும், காத்தாடி சுழன்று வரும், அதற்காகத்தான் ஒரு ஆள் பிடிப்பது. மேடம் ஓட்டையில் குழாயைத் திருகினாள். குழாயின் மறுமுனையில் முள் வைத்த மீட்டர் இரண்டு, அதற்கப்பால் கம்ப்ரசர், கம்ப்ரசர் பக்கத்தில் காற்றைத் திறந்து அடைக்கிற திருகைப் பிடித்தபடி இசக்கியப்பன் அண்ணன். பீடிக் கறை பல், ஆனால் ஷெட்டுக்குள் பீடியைத் தொடமாட்டார். “தங்கச்சி, காலை அகட்டி நில்லு. பறந்துராத” என்றார். “பறந்தா உங்க தலை மேலதாண்ணே எறங்குவேன்” என்றாள் இவள், குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். மேடம் இசக்கியைத் திரும்பிப் பார்த்து, “விடுங்கண்ணே” என்றாள். கம்ப்ரசர் உறுமியது. காற்று உள்ளே போவது கையில் தெரிந்தது, கன்றுக்குட்டி கயிற்றை முதலில் லேசாக இழுத்துப் பார்க்குமே, அந்த மாதிரி. பிறகு அழுத்தம் ஏறியது. காத்தாடி அசையவில்லை. மேடம் முள்ளைப் பார்த்தாள், தலையாட்டினாள், இசக்கி திருகை அடைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார், புஸ்ஸென்று இறங்கியது. மேடம் இவளைப் பார்த்து, “விடுங்கக்கா” என்றாள். விட்டாள்.

விடுங்கண்ணே, விடுங்கக்கா. இதுதான், இதேதான். இன்றைக்கு அண்ணேவும் அக்காவுமாகப் பிரிந்து வருகிறது. போன வாரம் காற்றை விடுகிறவரும் அண்ணே, காத்தாடியை விடுகிறவனும் அண்ணே. மேடத்தைவிட இருவருக்கும் வயது அதிகம், மேடத்துக்கு மரியாதை தெரியும், அதனால் வந்த வினை. முதல் சிலிண்டர் முடிந்து “விடுங்கண்ணே” என்றதும் பொன்னுத்துரை கையை எடுத்தான், சரி. இரண்டாவது சிலிண்டருக்கு உச்சி வந்து நின்றதும் மேடம் மீட்டரைப் பார்த்தபடியே “விடுங்கண்ணே” என்றாள். இசக்கி காற்றை விட்டார். பொன்னுத்துரை கையை விட்டான். விட்டவன் சும்மா நிற்காமல் கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்தான். சீனியம்மாள் துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள், அவன் கையை எடுத்ததைப் பார்த்தாள், காத்தாடி சுழன்றதைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டாள். விறகு முறிகிற சத்தம். அதற்கு அப்புறம்தான் அவன் கத்தினான். மேடம் தன் துப்பட்டாவால் கையைக் கட்டி, ஜீப்பில் தானே ஏற்றிக்கொண்டு போனாள். நேற்று மேனேஜரிடம் மேடம், “நான்தான் சொன்னேன் சார்” என்று மட்டும் சொன்னாளாம், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பொன்னுத்துரையோ ராத்திரி இவள் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடும்போது, “யக்கா, மேடம் விடச் சொன்னாக, அதனால விட்டான்னு மட்டும் சொல்லு. ரெண்டாவது வார்த்தை வாயில வரக் கூடாது. வந்துச்சு, என் கவனக்குறைவும்பாங்க, வேலை போயிரும்” என்றான். அவன் சொல்வதும் பொய்யில்லை. மேடம் விடத்தானே சொன்னாள். ஆனால் அதை மட்டும் சொன்னால், பிடித்திருந்தவனைப் பார்த்துக் காற்று இருக்கும்போதே கையை எடு என்று மேடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்படிச் சொல்கிறவள் என்ஜினியரா, கொலைகாரியா. லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். சரி, மேடம் சொன்னது இசக்கிக்கு என்று சொன்னால், உன் தம்பி ஏன் விட்டான் என்று கேட்பார்கள். இப்படித் திரும்பினால் மேடம், அப்படித் திரும்பினால் தம்பி.

இரண்டாவது சிலிண்டரும் சரியாக இருந்தது. மேடத்தின் முகம் சரியாக இருக்கும்போதும் சரியில்லாதபோதும் ஒரே மாதிரிதான் இருக்கும், மேடத்தின் ஊரான நாசரேத்துக்காரர்கள் எல்லாரும் இப்படியா என்று சீனியம்மாளுக்குத் தெரியாது. அந்த இரண்டு மீட்டரை மேடம் ஒரு நாள் அவளுக்கு விளக்கியிருந்தாள், டீ குடிக்கிற நேரத்தில், கேட்காமலேயே. ஒரு முள் நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று காட்டும், மற்றது சிலிண்டர் எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்று. எண்பது கொடுத்து எழுபதுக்கு மேல் வைத்துக்கொண்டால் நல்ல உடம்பு. கொடுத்ததை முழுசாக எதுவும் வைத்துக்கொள்ளாது அக்கா, புதுசும்கூடக் கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சீனியம்மாள் இதையே நினைத்துக்கொண்டு போனாள். தன் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு மீட்டர் வைத்தால் எண்பது வார்த்தை சொன்னாலும் முள் பூஜ்ஜியத்தைவிட்டு எழாது என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள், பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். மூடிய இரும்புக்குள் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் என்ன நோவு இருக்கிறது என்று வெறும் காற்றைக் கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்வது. எவன் யோசித்தானோ, அவன் நல்லா இருக்கணும்.

மூன்றாவதில் முள் ஏறவில்லை. சீனியம்மாளுக்கு மீட்டர் தெரியாது, முதுகு தெரிந்தது, மேடத்தின் முதுகு நிமிர்ந்தது. “அண்ணே, கம்ப்ரசரை நிப்பாட்டுங்க. டாங்கில இருக்கிற காத்து போதும். அக்கா, நீங்க பிடிச்சுக்கிட்டே இருங்க, என்ன ஆனாலும்.” சத்தம் நின்றது. ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம், வெளியே எங்கோ ஆடு, பிறகு அதற்கும் அடியில் ஒரு சீறல். மெல்லியது. மகளுக்குச் சின்ன வயதில் இளைப்பு வரும்போது நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாளே, அதே சீறல். அப்போதெல்லாம் எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, டாக்டர் கேட்டால் எல்லாப் பக்கமும் என்பாள். மேடம் காதிலிருந்த கம்மலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். குனிந்து, எண்ணெய் ஊற்றுகிற வாயில் காதை வைத்தாள். இல்லை. காற்றை இழுக்கிற வாய்க்கு வந்தாள், அது காத்தாடிக்கு நேர் கீழே. மண்டியிட்ட மேடத்தின் தலை சீனியம்மாளின் இரண்டு கைக்கும் கீழே இருந்தது. தான் இப்போது விட்டால் என்று நினைத்தாள். நினைத்ததும் விரல்கள் தும்மல் வருகிற மாதிரி ஒரு கணம் தளர்ந்தன, அய்யோ என்று இறுக்கிக்கொண்டாள். அந்தத் தலை கொஞ்சமும் அவசரப்படவில்லை. மேலே ஒரு ஐந்தாம் வகுப்புக்காரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை மறந்துபோன தலை. இல்லை, மறக்கவில்லை, நம்பியிருக்கிறது. யாரும் அவளை இப்படி நம்பியதில்லை, அடுப்பில் பால் வைத்தால்கூட வீட்டில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். காற்று வாயிலும் சீறல் இல்லை. கடைசியாக மேடம் விமானத்தின் வயிற்றுப் பக்கமாகப் படுத்து ஊர்ந்து புகைக்குழாயில் காதை வைத்தாள். வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கோவிலில்கூட அப்படி ஒரு முகத்தைச் சீனியம்மாள் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வரதன் சார் வந்தார். “என்ன மேடம், நாளைக்குக் காலைல மொத ஆளா அந்த ட்ரெயினிங் பையன் இதுல தனியாப் பறக்கணும், ரெடி ஆயி…” மேடம் படுத்தபடியே ஒரு கையை உயர்த்தினாள். மேனேஜரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. இசக்கி கூரையைப் பார்த்துக்கொண்டார். மேடம் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். “எண்பது குடுத்தா ஐம்பதுகூட நிக்கலை சார். புகை வெளியே போற வால்வுல கசியுது. அக்கா, லேசா அசைங்க, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், விட்டுறாதீங்க.” அசைத்தாள். உள்ளே இருக்கிற காற்று மணிக்கட்டை முறுக்கியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். சீறல் மாறவில்லை. “மறுபடி ஓடவிட்டுச் சூடாக்கி இன்னொரு தடவை பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா சிலிண்டரைக் கழட்டணும். நாளைக்கு இது மேல போகாது.” “கொஞ்சம் பாத்து… ஒரு நாள்தானே மேடம்.” “நான் பாக்கலை சார், கேட்டேன்” என்றாள் மேடம். குரல் உயரவில்லை. ஏதோ பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது. தன் லைசென்ஸ் அவர் கையில் ஊசலாடுகிற நேரத்தில் அவரிடமே இப்படிச் சொல்கிறாள். இசக்கி காற்றை இறக்கினார், மேடம் “விடுங்கக்கா” என்றாள், சீனியம்மாள் விட்டாள். கை மரத்துப்போயிருந்தது. ஐம்பது என்றால் ஐம்பது, எழுபது என்று ஆகாது, யார் கேட்டாலும் எத்தனை தடவை கேட்டாலும். அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டால் எவ்வளவு நிம்மதி.

மேனேஜரின் கோபம் எங்கேயாவது இறங்க வேண்டும், அது இவள் பக்கம் திரும்பியது. “நீ சொல்லும்மா. அன்னைக்கு உன் தம்பி தானா கையை விட்டானா, மேடம் விடச் சொன்னாங்களா?” வந்துவிட்டது. பஸ்ஸில் பழகியது ஒன்றும் வாயில் இல்லை. யக்கா, ரெண்டாவது வார்த்தை. அத்தை வாசல். ரிப்பன். மேடம் அவளைப் பார்க்கவில்லை, அடுத்த சிலிண்டரில் குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள், சொல்லாதே என்றும் இல்லை சொல் என்றும் இல்லை. “சார்” என்றாள் சீனியம்மாள். “மேடம் விடுங்கண்ணேன்னாங்க. இசக்கி அண்ணன் காத்தை விட்டாரு. என் தம்பி காத்தாடியை விட்டான்.” நிறுத்தினாள். “ரெண்டு பேரும் சொன்னதைத்தான் சார் செஞ்சாங்க.” வரதன் சார் நெற்றியைச் சுருக்கினார். “அப்ப யாரு மேல தப்பு?” “அது எனக்குச் சொல்லத் தெரியலை சார். கண்ணுல பட்டது, காதுல விழுந்தது இதுதான். இதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.” சொல்லி முடித்ததும் தம்பி முகம் வந்து போனது, திட்டட்டும், சோற்றைத் தானே பிசைந்து தின்னட்டும். இசக்கி கனைத்தார். “நெசம் சார். அவன் முந்துனானா நான் முந்துனேனாங்கிறதே எனக்கு இன்னும் தெரியலை.” மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரிப்போர்ட்டில் இதை எந்த இடத்தில் எழுதுவது என்று யோசிக்கிற முகம். “இப்படி ரெண்டு அர்த்தத்துல பேசினா எப்படி? ஹோல்டு, ரிலீஸ்னு இங்கிலீஷ்ல சொல்ல வேண்டியதுதானே?” “ரிலீஸுன்னா எனக்குத் தீபாவளிப் படம்தான் சார்” என்றார் இசக்கி. மேடம் சிரித்தாள். அந்த ஒரு வாரத்தில் சீனியம்மாள் பார்த்த முதல் சிரிப்பு. மேனேஜரும் பாதி சிரித்து, மீதியை விழுங்கிக்கொண்டு, “யாரு மேலயும் எழுதலை. சொல்லு மேலதான் எழுதணும் போல” என்று முணுமுணுத்து ஓரமாக நின்றார்.

கடைசி சிலிண்டர் இருந்தது. காலையில் ஓடவிட்ட என்ஜினின் சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். சீனியம்மாள் காத்தாடியிடம் போனாள், போகும்போதே பயம் மறுபடி வந்தது. ஆனால் இது வேறு பயம், சொல்கிற பயம் இல்லை, கேட்கிற பயம். கம்ப்ரசர் உறுமும்போது ‘விடுங்க’ வரைக்கும்தான் காதில் விழும், அக்காவா அண்ணேவா என்பது சத்தத்தில் போய்விடும். இவ்வளவு நேரம் தப்பித்தது மேடம் திரும்பிப் பார்த்துச் சொன்னதால்தான், மேடமும் மனுஷிதானே. “மேடம்” என்றாள். “எனக்கு வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க என்ன சொன்னாலும் நான் விடமாட்டேன். எல்லாம் முடிஞ்சு, திருகை அடைச்சு, காத்து இறங்கினப்புறம் வந்து முதுகைத் தட்டுங்க. ரெண்டு தட்டு. அப்பத்தான் எடுப்பேன்.” மேடம் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். “சரிக்கா” என்றாள், அவ்வளவுதான். உச்சி வந்தது. சீனியம்மாள் காலை அகட்டி, கண்ணை மூடி, காத்தாடியை மார்போடு சேர்த்துக்கொள்ளாத குறையாகப் பிடித்தாள். விடுங்கண்ணே என்று யாரோ சொன்னது கேட்டது, கன்றுக்குட்டி இழுத்தது, அழுத்தம் ஏறியது, அவள் பிடித்தாள். எண்ணெய் வாசனை, இரும்புச் சூடு, தன் மூச்சு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புஸ்ஸென்று இறங்கியது. அவள் விடவில்லை. “நல்ல சிலிண்டர், எழுபத்தாறு” என்றது மேடத்தின் குரல். அவள் விடவில்லை. “அவ்வளவுதானேம்மா, விடும்மா” என்றார் மேனேஜர். “ஏ தங்கச்சி, காத்து போயி நேரமாச்சு, விடு தாயி, அது மேல போற உத்தேசமா?” என்றார் இசக்கி. அவள் இன்னும் இறுக்கினாள். பூட்ஸ் சத்தம் விமானத்தைச் சுற்றி வந்தது, பின்னால் நின்றது, எண்ணெய்க் கை ஒன்று அவள் முதுகில் ஒரு தட்டு தட்டியது. அவள் காத்திருந்தாள். இரண்டாவது தட்டும் விழுந்த பிறகுதான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, காத்தாடி சுற்றும் வட்டத்தை விட்டு வெளியே வந்தாள்.